குரோமியம் தேயும், குத்துவிளக்கு மினுங்கும்

மோட்டார் சைக்கிளைப் பளபளப்பாக்கக் கடைகளில் பாலிஷ்கள் குவிந்து கிடக்கின்றன. என்ன உலோகம் என்று பார்க்காமல் தேய்ப்பவர்கள் அழுக்கோடு முலாமையும் துடைத்தெடுக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தாதர் மேற்கில் கால் வைக்க இடம் இருக்காது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேம்பாலத்தை ஒட்டிய பூச்சந்தை. மராட்டியர்கள் ஜெண்டு என்று சொல்லும் செண்டுமல்லி சாக்கு சாக்காக வந்து இறங்குகிறது. நவமியன்று ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் பூஜை செய்யும் வழக்கம் மகாராஷ்டிரத்திலும் உண்டு. அதனால் மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழர்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே குவியலில் கைவிட்டுப் பூ பொறுக்குகிறார்கள். வீட்டு வாசலுக்கு ஒரு சரம், வண்டிக்கு ஒரு மாலை.

மாலை போடும் முன்பு வண்டி மினுங்க வேண்டும். அன்று சாயங்காலம் குடியிருப்பு வளாகங்களில் வாளித் தண்ணீரும் பழைய பனியனுமாக ஆண்கள் வண்டி முன்னால் குந்துகிறார்கள். கையில் வைத்திருப்பது என்ன என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சிலரிடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிய, பற்பசை போன்ற டியூப். சிலரிடம் பிராஸோ டப்பா. பலரிடம் சமையலறையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று.

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு காரணம் உண்டு. பித்தளையை மினுக்கத் தெரியாத வீடு அநேகமாகக் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கக் கூடாது என்பதால் வியாழக்கிழமையே குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் புளியில் குளித்துவிடும். 1989-ல் தானேயில் தொடங்கிய நிறுவனம் ஒன்று செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கென்றே கொண்டுவந்த பீதாம்பரி பவுடர், மும்பை வீடுகளில் புளிக்குப் போட்டியாக நுழைந்தது. இரண்டுமே செய்வது ஏறக்குறைய ஒரே வேலைதான். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த கருப்பையும் களிம்பையும் கரைத்துவிடுகிறது. இரண்டு தேய்ப்பில் விளக்கு பொன்னாக மாறுகிறது. அதைப் பார்த்த கை, மிச்சப் புளியோடு நேராக சைலன்ஸருக்குப் போகிறது. தப்பு தொடங்குவது அங்கேதான்.

குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. பாட்டி தேய்த்து, அம்மா தேய்த்து, மருமகள் தேய்த்தாலும் கீழிருந்து வருவது பித்தளையேதான். விளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தின் மூக்கு கொஞ்சம் மழுங்கும், அவ்வளவே. சைலன்ஸர் அப்படி அல்ல. அது இரும்புக் குழாய். அதன் மேல் நிக்கல், அதற்கும் மேல் குரோமியம். நிக்கல் அடுக்கின் கனம் சாதாரணமாக 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். குரோமியம் அரை மைக்ரானைத் தாண்டுவதே அபூர்வம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத ஒரு படலத்தைத்தான் ஒவ்வொரு பண்டிகைக்கும் மூச்சு வாங்கத் தேய்க்கிறார்கள்.

இதில் வேடிக்கை, குரோமியம் முலாம் வந்ததே தேய்க்கும் வேலையை ஒழிப்பதற்காகத்தான். அதற்கு முன்பு கார்களுக்கும் சைக்கிள்களுக்கும் நிக்கல் முலாம் போட்டார்கள். நிக்கல் காற்றில் மஞ்சள் பூத்து மங்கிவிடும். விளக்கையும் கைப்பிடியையும் அடிக்கடி துடைப்பது டிரைவரின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 1920களில் அமெரிக்காவில், மின்சாரத்தைச் செலுத்திக் குரோமியம் பூசும் முறை வியாபார அளவுக்கு வந்து சேர்ந்தது. குரோமியம் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு தோல் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்ளும். பிறகு மங்காது. ஆகவே பழுதில்லாத குரோமியத்துக்கு பாலிஷ் தேவையே இல்லை. வண்டி கழுவும் ஷாம்பூவோ மிதமான சோப்புத் தண்ணீரோ, பிறகு ஈரம் ஒற்ற ஒரு துணி, இது போதும். மங்கலாகத் தெரிகிறது என்றால் மங்கியது குரோமியம் அல்ல. அதன் மேல் எண்ணெய்ப் புகை, தார், உப்பு, சாலைத் தூசி ஆகியவை ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியானால் குரோமியத்தில் துரு எப்படி வருகிறது? குரோமியம் துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிப்பது அடியில் இருக்கும் இரும்பு. முலாமில் நுண்ணிய துளைகளும் வெடிப்புகளும் இல்லாமல் இருக்காது. அவற்றின் வழியே தண்ணீர் இறங்குகிறது. நிக்கலும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒரு குட்டி பாட்டரி போல வேலை செய்யும். அதில் தன்னைக் கரைத்துக்கொள்வது இரும்பு. முலாம் அப்படியே இருக்க, உள்ளே குழி விழுகிறது, பழுப்புப் பொட்டு மட்டும் வெளியே தெரிகிறது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தாதரில் சிவாஜி பார்க்கைத் தாண்டினால் கடல். காற்றில் வரும் உப்பு அந்தக் குட்டி பாட்டரிக்குத் தீனி. கோயம்புத்தூரில் பத்து வருடம் பொட்டு விழாமல் இருக்கிற ரிம், இங்கே மூன்றாவது மழைக்காலத்தில் அம்மைத் தழும்பு போல ஆகிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது புளியின் கதை புரியும். அமிலம் அந்தத் துளைகளுக்குள் இறங்கி, நன்றாகக் கழுவாவிட்டால் அங்கேயே தங்கிவிடுகிறது. அன்று சாயங்காலம் வண்டி ஜொலிக்கும். தீபாவளிக்குள் பொட்டுகள் கூடியிருக்கும்.

வண்டியின் எல்லா வெள்ளைப் பளபளப்பும் குரோமியம் அல்ல என்பது அடுத்த சிக்கல். ஒரே வண்டியில் ஐந்தாறு வகை மேல்தோல் இருக்கிறது. பழைய புல்லட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1955-ல் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்டு வந்த வண்டி அது. சைலன்ஸர், ரிம், ஹேண்டில்பார் ஆகியவை குரோமியம் பூசிய இரும்பு. இன்ஜினின் இரண்டு பக்கத்து மூடிகளும் மெருகேற்றிய அலுமினியம், முலாமே கிடையாது. சில நட்டுகளும் போல்ட்டுகளும் துத்தநாகம் பூசியவை. பின்னால் வந்த வண்டிகளில் நிறமற்ற வார்னிஷ் பூசிய அலுமினியம், ஆனோடைஸ் செய்த அலுமினியம், வெள்ளிநிறப் பெயின்ட் அடித்த வீல், குரோமியம் போலத் தோற்றம் காட்டும் பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். ஒரு காந்தமும் ஒரு வெள்ளைத் துணியும் போதும். காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு, ஆகவே மேலே இருப்பது முலாம். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ சில வகைத் துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கும். நகத்தால் தட்டினால் டொக்கென்று மந்தமாகச் சத்தம் வந்தால் பிளாஸ்டிக். அலுமினியம் என்று தோன்றும் இடத்தில், ஓரமாக, கண்ணில் படாத மூலையில் துளி பாலிஷ் வைத்துத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணி உடனே மை போலக் கறுத்தால் அது வெற்று அலுமினியம். கறுக்கவே இல்லை என்றால் மேலே வார்னிஷோ வேறு பூச்சோ இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் உலோகத்துக்குப் பாலிஷ் போய்ச் சேராது, பூச்சுதான் திட்டுத் திட்டாகப் போகும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பாழான இன்ஜின் மூடிகள் ஏராளம்.

நிறத்தை வைத்தும் சொல்லலாம். குரோமியத்தில் லேசான நீலச் சாயல் இருக்கும். நிக்கலில் மஞ்சள் சாயல். சைலன்ஸரில் காலணி உரசும் இடத்திலோ, டாங்கில் முழங்கால் படும் இடத்திலோ மஞ்சளாக ஒரு திட்டு தெரிந்தால் அது அழுக்கு அல்ல. குரோமியம் முழுவதும் தேய்ந்து நிக்கல் எட்டிப் பார்க்கிறது. அதைப் போக்கப் போகிறேன் என்று தேய்ப்பவர் அடுத்தபடியாகச் செம்பையோ இரும்பையோ பார்ப்பார்.

பாலிஷ் என்ற ஒரே பெயரில் விற்பவையும் ஒன்றல்ல. எல்லாவற்றிலும் மூன்று சமாசாரங்கள் இருக்கும்: உராய்ந்து எடுக்கும் நுண்பொடி, அழுக்கைக் கரைக்கும் திரவம், சிலவற்றில் மேலே பாதுகாப்பாகத் தங்கும் மெழுகு அல்லது எண்ணெய். எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

பிராஸோ 1905-ல் பிரிட்டனில் வந்தது. பெயரே பித்தளையைச் சொல்கிறது. ராணுவத்திலும் போலீஸிலும் பெல்ட் பக்கிளையும் பொத்தானையும் மினுக்கியவர்களுக்கு அந்த நெடி மறக்காது. நெடிக்குக் காரணம் அம்மோனியா. செம்பின் மேல் படியும் களிம்பை அம்மோனியா கரைக்கும், அதனால்தான் பித்தளையில் அவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது. (அம்மோனியாவுக்கும் பித்தளைக்கும் இன்னொரு பழைய உறவும் உண்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கம் வந்தது. பக்கிளைத் தேய்த்துத் துடைத்துவிடுபவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.) குரோமியத்தில் அம்மோனியாவுக்கு வேலையே இல்லை. வேலை செய்வது அதிலுள்ள நுண்பொடி மட்டும். பிடிவாதமான கறையை எடுக்க எப்போதாவது ஒரு முறை பயன்படுத்தினால் குடி முழுகிவிடாது. வாரா வாரம் போட்டுத் தேய்க்கும் பண்டம் அல்ல. பழைய வண்டிகளின் பித்தளைப் பாகங்களுக்கும் சாவிக் கொத்துக்கும் அது ராஜா.

டியூபில் வரும் பசைகளில் மும்பை வண்டிக்காரர்களிடையே பெயர் பெற்றது, கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரிலிருந்து வரும் ஆட்டோசால். அதுவும் அதன் இந்தியச் சகோதரர்களும் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு நுண்பொடியை நம்பியவை. மாணிக்கக் கல்லும் எமரியும் அடிப்படையில் இதே பொருள்தான். கடினமானது. ஆனால் பசையில் மிக நுண்ணிய மாவாக இருப்பதால் கீறாமல் மெருகேற்றுகிறது. வெற்று அலுமினியத்துக்கு இதைவிட ஏற்றது சுலபத்தில் கிடைக்காது. மொச்சைக்கொட்டை அளவு எடுத்து, கையகல இடத்தை மட்டும் தேய்த்து, கறுப்பு வந்ததும் சுத்தமான துணியால் துடைத்து, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அப்படிச் செய்தால் சின்ன டியூப் பல மாதம் வரும். குரோமியத்துக்கும் இது ஆகும். ஆனால் துருப்பொட்டை எடுப்பதற்கு மட்டும், லேசாக, பொட்டு போனதும் நிறுத்திவிட வேண்டும்.

குரோமியத்துக்கென்று தனியாக விற்கும் திரவ பாலிஷ்களில் பெரும்பாலும் நுண்பொடி குறைவு, மெழுகு அதிகம். அலுமினியத்தில் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று கோபம் வரும். நடக்காமல் இருப்பதுதான் குரோமியத்துக்கு நல்லது. கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் இரண்டு விரலுக்கிடையே ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். நறநறவென்று மணல் போலத் தட்டினால் குரோமியத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அலுமினியத்துக்கு இன்னொரு விசேஷ குணம் உண்டு. அமிலமும் அதைக் கரைக்கும், காரமும் கரைக்கும். எலுமிச்சையும் ஆகாது, சாம்பலும் சலவை சோடாவும் ஆகாது. பாத்திரம் தேய்க்கும் பவுடர்களில் பலவும் காரம் கலந்தவை, கூடவே சொரசொரப்பும் உண்டு. ஒரே தேய்ப்பில் இன்ஜின் மூடி வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அதைத் திரும்ப மினுக்க 400, 800, 1,200 என்று வாட்டர் பேப்பரை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க வேண்டும்.

வீட்டு வைத்தியங்களில் ஒன்றுக்கு மட்டும் மரியாதை கொடுக்கலாம். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துக் குரோமியத்தின் துருப்பொட்டில் மெல்லத் தேய்த்தால் பொட்டு போய்விடும். அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மென்மையானது, முலாமைக் கீறாது, துருவை மட்டும் வாரிக்கொள்கிறது. தண்ணீருக்குப் பதில் கோலா பானம் ஊற்றுபவர்களும் உண்டு. அதிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் துருவைக் கரைக்க உதவும் என்பது உண்மைதான். பிறகு ஒன்றுக்கு இரண்டு முறை கழுவாவிட்டால் சர்க்கரைக்கு எறும்பும் அமிலத்துக்குத் துருவும் வரும். தண்ணீரே போதும். பற்பசை ஓரளவுக்கு வேலை செய்யும், ஆனால் விலைக்குக் கட்டாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் வண்டிப் பக்கம் கொண்டுவராமல் இருப்பது உத்தமம்.

எதை வைத்துத் தேய்ப்பது என்பதும் பாலிஷ் அளவுக்கு முக்கியம். நாடு முழுக்க மெக்கானிக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட், திருப்பூர் போன்ற ஊர்களின் வெட்டுத் துண்டுகள். பஞ்சு நூல், மிருதுவானது, இந்த வேலைக்கு அருமை. தடித்த ஓரத் தையலும் நைலான் கலந்த துண்டும் மட்டும் ஆகாது. கீழே விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்வது தாதர் தெருமணலால் தேய்ப்பதற்குச் சமம்.

மழைக்கால மும்பைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ரெயின்கோட்டின் ஓரமோ பிளாஸ்டிக் பையோ சூடான சைலன்ஸரில் ஒட்டி உருகிக் கருகிவிடும். எந்த பாலிஷும் இதை எடுக்காது. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டுக் குழாய் வெதுவெதுப்பானதும் மரக்கரண்டியாலோ மூங்கில் சீவலாலோ சுரண்டி எடுத்து, மிச்சத்தை அலுமினியத் தாளால் தேய்க்கலாம். கத்தியை எடுப்பவர்கள் முலாமில் ஒரு நிரந்தரக் கோடு வாங்குகிறார்கள். குழாய் நீலம் பாய்வது வேறு விஷயம். அது அழுக்கு அல்ல, சூட்டின் தழும்பு. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகக் கலந்தாலோ, இன்ஜினும் குழாயும் சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தாலோ, இக்னிஷன் டைமிங் பிந்திப்போனாலோ வரும். நீலத்தைப் போக்கும் பாலிஷ்கள் இருக்கின்றன. மெக்கானிக்கிடம் காட்டிக் காரணத்தைச் சரிசெய்யாமல் அவற்றை வாங்கினால், அடுத்த வாரமும் வாங்க வேண்டியிருக்கும்.

மினுக்கவே கூடாத இடங்களும் உண்டு. இங்கே விஷயம் அழகு அல்ல, உயிர். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி பாலிஷோ மெழுகோ பட்டால் பிரேக் பிடிக்காது. டயர் பக்கவாட்டில் பளபளக்கும் திரவம் பூசும்போது அது தரையில் படும் பகுதிக்கு வழிந்தால், ஈரச் சாலையில் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். முன் ஃபோர்க்கின் மேலும் கீழும் இயங்கும் குழாயில் இருப்பதும் குரோமியம்தான், ஆனால் அழகுக்குப் பூசியது அல்ல. கனமாகப் பூசிய கடினக் குரோமியம். அதன் மேல் ரப்பர் சீல் வழுக்கிக்கொண்டு போகிறது. அங்கே எமரித் தாளைப் போட்டாலும், துருக்குழியை அப்படியே விட்டாலும் சீல் கிழியும், எண்ணெய் ஒழுகும், ஒழுகிய எண்ணெய் நேராக முன் பிரேக்குக்குப் போய்ச் சேரும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவது மட்டுமே அந்தக் குழாய்க்குச் செய்ய வேண்டிய சேவை. துத்தநாகம் பூசிய ஸ்போக்கைப் பளபளவென்று தேய்ப்பவர்கள், துருவைத் தடுக்கும் ஒரே தடுப்பைக் கழற்றி எறிகிறார்கள். மங்கலாக இருப்பதுதான் துத்தநாகத்தின் ஆரோக்கியம்.

சொந்தக் கை சலித்தவர்கள் பஃபிங் பட்டறைக்குப் போகிறார்கள். மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரம், அதன் மேல் தேய்க்க மெழுகுக் கட்டிகள்: கரடுமுரடு போகப் பழுப்பு, கடைசி மெருகுக்கு வெள்ளையோ பச்சையோ. பச்சைக்கு நிறம் தருவது குரோமியம் ஆக்ஸைடு. பத்து நிமிடத்தில் இன்ஜின் மூடி கண்ணாடியாகிவிடும். கைதேர்ந்தவர் செய்தால் அழகு. அவசரக்காரர் செய்தால் விளிம்புகள் வழிந்துபோகும், வார்ப்பில் எழும்பியிருந்த நிறுவன எழுத்துகள் பாதி அழியும். முலாம் பூசிய எதையும் அந்தச் சக்கரத்தில் பிடிக்கக் கூடாது. சில வினாடியில் குரோமியம் போய்விடும்.

சக்கரத்துக்கு முன்னால் நிற்பவரின் நிலைமை தனிக் கதை. அலுமினியத்தைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு மட்டும் ஆபத்தானது அல்ல. காற்றில் அளவுக்கு மேல் கலந்தால் வெடிமருந்து. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரங்களுக்கு மெருகேற்றும் ஆலையில் படிந்திருந்த அலுமினியத் தூள் வெடித்தது. அன்றைக்கே 75 பேர் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது. ஜன்னல் இல்லாத பத்துக்குப் பத்து அறையில் இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே சக்கரத்தில் மாற்றி மாற்றிப் பிடிக்கும் பட்டறைகளில், இரும்பின் தீப்பொறியும் அலுமினியத் தூளும் ஒரே மூலையில் குவிகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வேலை கொடுப்பதற்கு முன் வண்டிக்காரர் தரையையும் தூள் உறிஞ்சும் மின்விசிறி இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம். தரை சுத்தமாக இருக்கும் பட்டறையில் வேலையும் சுத்தமாக இருப்பது வழக்கம்.

முலாம் போனால் போகட்டும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பது பலருடைய எண்ணம். போடலாம். பழைய முலாமை அமிலத் தொட்டியில் கழற்றி, துருக்குழிகளைத் தேய்த்து, இரும்பை மெருகேற்றி, செம்பு, நிக்கல், கடைசியில் குரோமியம் என்று வரிசையாகப் பூச வேண்டும். செலவைக் குறைக்கச் செம்பை விட்டுவிட்டு நிக்கலை மெல்லிசாகப் பூசிக் கொடுப்பவர்களும் உண்டு. வாங்கும் நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் மழைக்காலம் சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் அடியில் இருக்கும் இரும்பும் கொஞ்சம் மெலிகிறது. பழைய ஜாவா வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பம்பாய் இரானி குடும்பம் ஒன்று 1960-ல் மைசூரில் தொடங்கிய ஆலை 1996-ல் மூடப்பட்டது. டாங்கின் இரண்டு பக்கமும் குரோமியம் பளபளக்கும் அந்தக் கால வண்டிகளில், ஆலையில் பூசிய அசல் முலாம் தங்கியிருக்கும் டாங்க் இன்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவற்றிலும் பலவற்றை உரிமையாளரின் அன்பே தேய்த்து முடித்திருக்கிறது. 2018-ல் ஜாவாவும் 2022-ல் எஸ்டியும் புது நிறுவனத்தின் கையில் திரும்பி வந்தபோது, கறுப்பு இன்ஜின்களுக்குப் பழகிப்போன தலைமுறையும் குரோமியத்தை எப்படிப் பராமரிப்பது என்று கேட்கத் தொடங்கியது.

தொட்டியில் இருப்பது என்ன என்பது இன்னும் கவலைக்குரியது. மரபான முலாம் தொட்டியில் குரோமிக் அமிலம். அதில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990-ல் வகைப்படுத்திய பொருள். தொட்டியிலிருந்து எழும் ஆவியைச் சுவாசிப்பவர்களின் மூக்கு நடுத்தண்டு ஓட்டையாவது, இந்தத் தொழிலில் பல காலமாகத் தெரிந்த நோய். இந்தக் குடும்பத்து ரசாயனம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச் சென்ற கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். சுற்றிலும் நிலத்தடி நீர் மஞ்சளானது. அந்த ஆலையின் சரக்கு முக்கியமாகத் தோல் பதனிடும் தொழிலுக்குப் போனது, மோட்டார் சைக்கிளுக்கு அல்ல. ஆனால் ரசாயனம் அதே இனம். ஒரு சைலன்ஸரைக் கவனமாக வைத்துக்கொண்டு பத்து வருடம் முலாம் பட்டறைக்கு அனுப்பாமல் இருப்பவர், தன் பணத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை.

அப்படி வைத்துக்கொள்ள வேண்டியது பாலிஷ் குறைவாகவும் மெழுகு அதிகமாகவும்தான். மே மாதக் கடைசியில், மழை இறங்கும் முன்பு, வண்டியைக் கழுவி, நன்றாக உலர்த்தி, இருக்கும் பொட்டுகளை எடுத்துவிட்டு, குரோமியத்துக்கும் மினுக்கிய அலுமினியத்துக்கும் கார்களுக்குப் போடும் கார்னாபா மெழுகை இரண்டு சுற்று பூசினால் நுண்துளைகள் அடைபடும். பிரேஸில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து வரும் மெழுகு அது. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மீண்டும் பூசலாம். இன்ஜினை ஒட்டிய சூடான குழாயில் மட்டும் மெழுகு நிற்காது, கருகிவிடும். அங்கே நனைந்த வண்டியை நிறுத்தும் முன்பு கொஞ்ச நேரம் ஓட்டிக் காயவைப்பதே காப்பு. தேங்காய் எண்ணெயும் பழைய இன்ஜின் ஆயிலும் தடவுபவர்கள் துருவைத் தடுத்து, தூசியை வரவேற்கிறார்கள். எண்ணெயில் ஒட்டிய தூசியை அடுத்த நாள் துடைப்பது உப்புத்தாளால் துடைப்பது மாதிரிதான். பூஜைக்குப் போட்ட ஈர மாலையையும் மறுநாளே எடுத்துவிட வேண்டும். வாடிய பூ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஹெட்லைட் வளையத்தில் வட்டமாகக் கறை போடும்.

ஐரோப்பிய யூனியனில் 2017 செப்டம்பருக்குப் பிறகு குரோமிக் அமிலத் தொட்டிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். அங்கே முலாம் தொழில், விஷம் குறைந்த மூவிணைதிறன் குரோமியத்துக்கு மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. உழைப்பதில் குறை சொல்வதற்கில்லை. நிறத்தில் மட்டும் பழைய நீலச் சாயல் இருக்காது, கொஞ்சம் இருண்டு தெரியும். பழைய வண்டிக்காரர்களின் கண் அதை உடனே பிடித்துவிடும். ஒரு பக்க மட்கார்டுக்கு மட்டும் புது முலாம் போட்டால் மறுபக்கத்தோடு ஒத்துப்போகாது, போட்டால் ஜோடியாகத்தான் போட வேண்டும்.